வரதன் ஏன் தரையிறங்கவில்லை என்று கேட்ட மகளுக்கு

என் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய மகளே,

நீ அனுப்பிய அத்தியாயத்தை ஐந்து தரம் வாசித்துவிட்டேன். முதல் தரம் கண்ணாடி இல்லாமல். இரண்டாம் தரம் கண்ணாடியுடன். மூன்றாம் தரம் அகராதியுடன். நான்காம் தரம் என் கண்ணாடிக்கு மேலே உன் அம்மாவின் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு. ஐந்தாம் தரம் பல்கனிக் கதவைச் சாத்திவிட்டு, பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவன் போல எழுந்து நின்று வாசித்தேன். அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் போனதால் வெள்ளவத்தை முழுவதும் அதிர்ந்தது. எனக்கோ உன் ஆங்கிலத்தால்தான் அதிர்கிறது என்று பட்டது. விளங்கியதா என்று கேட்காதே. கொமிக்ஸ் புத்தகங்களில் உள்ளாடையை வெளியே போட்டுக்கொண்டு பறக்கும் மாவீரர்களைப் பற்றி ஒரு பல்கலைக்கழகம் நான்கு வருடம் ஆராய விடுகிறது என்பதே எனக்கு இன்னும் முழுதாய் விளங்கவில்லை. ஊரில் கேட்பவர்களுக்கு ‘விமானத்துறை சம்பந்தமான படிப்பு’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். பறப்பதுதானே.

ஆனால் அந்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் எனக்கு நன்றாக விளங்கியது. அளவுக்கு மீறி விளங்கியது. கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்று முன்பு வெளியிட்ட மூன்றாம் வகுப்புத் தமிழ் வாசிப்பு நூலில் ‘வரதன் பறக்கிறான்’ என்றொரு பாடம் வருகிறதே, அதை நீ உலகத்து மாவீரர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி எழுதியிருக்கும் அந்த இரண்டு பக்கம். பாடத்தின் கீழ் எழுதியவர் பெயர் இல்லை என்பதால் ரெலிபோனில் என்னிடம் சொன்னாய்: “அப்பா, நீங்கள் அந்த அச்சகத்தில்தானே வேலை செய்தனீங்கள்? எழுதின ஆளை எப்படியாவது தேடிப் பிடியுங்கோ. மாத முடிவுக்குள்ள இந்த அத்தியாயத்தைக் குடுக்கவேணும். இதுதான் என்ர ஆராய்ச்சியின்ர இதயம்.” நானும், “ஆள் கடலுக்கடியில கிடந்தாலும் தலைமயிரில பிடிச்சு இழுத்துக்கொண்டு வருவன்” என்று வீரம் பேசினேன். மூன்று கிழமையாகத் தேடுகிறேன். குளியலறைக் கண்ணாடியில் ஒவ்வொரு நாளும் அகப்படுகிறான். முகம் வழித்துவிட்டு அனுப்பிவிடுகிறேன். மகளே, அந்தப் பாடத்தை எழுதியவன் நான்தான்.

இதை உனக்கு மட்டும் மடித்து அனுப்பாமல் ஊர் வாசிக்கும் பத்திரிகைக்கும் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விசயத்தில் நான் ஒரு மனிதனை எங்கள் ஒழுங்கையில் வீடுவீடாகக் கேட்கத் திட்டியிருக்கிறேன். சத்தமாகச் செய்த அநியாயத்தைக் காதுக்குள் திருப்பி எடுக்க முடியாது.

முதலில் வேலை முறையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீ என்னை மேதை என்றே நினைத்துக்கொண்டிருப்பாய். நான் அங்கே ஒப்புநோக்குபவன். எழுத்துப் பிழை பார்ப்பவன். (சொந்தக்காரரிடம் ‘பதிப்பாசிரியர்’ என்று சொன்னது வேறு கணக்கு.) அந்த அச்சகம் ஒரே படங்களை வைத்துச் சிங்களத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டு வாசிப்பு நூல் போடும். சிங்களப் பாடத்தை எழுதி, படம் கீறி முடித்த பிறகு, சொல் இல்லாத வெறும் படத் தாள்கள் எங்கள் பக்கம் வரும். தமிழ் எழுதும் ஆசிரியர் அந்தப் படங்களுக்குப் பொருந்த ஒரு பாடம் எழுதுவார். மொழிபெயர்ப்பு இல்லை, படத்தைப் பார்த்துப் புதிதாய் எழுதுவது. அந்த வருடம் ஆசிரியருக்கு அம்மாள் வருத்தம் வந்து வேப்பிலையோடு படுத்துவிட்டார். ஒரு பாடம் மட்டும் மிச்சம். முதலாளி என் மேசையில் ஆறு படத்தைப் போட்டு, “தம்பி, ஆறு படம், ஆறு பக்கம், பின்னேரம் மிஷின் ஏறவேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

படத்தில் ஒரு பெடியன். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறான். கைகளை விரித்திருக்கிறான். துணி பின்னால் காற்றில் எழும்பி நிற்கிறது. ஒரு படத்தில் மதிலுக்கு மேலே, ஒரு படத்தில் வாழைக்குலைக்கு மேலே, கீழே ஒரு நாய் அண்ணாந்து பார்க்கிறது, ஒரு கிழவர் கை நீட்டுகிறார். கடைசிப் படத்தில் காலிரண்டும் நிலத்தில் இல்லை. எல்லாம் முதுகுப்பக்கம், முகமே இல்லை. படம் கீறிய மனிதர் அடுத்த அறையில், என்னிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில், பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். இது என்ன படம் என்று கேட்டால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. நானோ அந்த அச்சகத்தில் சேர்ந்த முதல் நாளிலிருந்து என் சிங்களம் களனி கங்கை மாதிரிப் பெருகி ஓடும் என்று அளந்து வைத்திருந்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது பஸ்ஸில் இறங்கவும் தேங்காய் வாங்கவும் போதுமான சிங்களம். போய்க் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கேட்கவில்லை. பெடியன் பறக்கிறான் என்று முடிவுகட்டி, வரதன் என்று பெயர் வைத்து, ஒன்றரை மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன். கடைசி வரி உனக்கு மனப்பாடம்: ‘வரதன் இன்னும் இறங்கவில்லை.’

அந்த வரிக்கு நீ ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். மாவீரர்கள் எல்லாம் உலகைக் காப்பாற்றிவிட்டுத் தரைக்கு வந்துவிடுகிறார்கள், இந்தப் பிள்ளை மட்டும் இறங்க மறுக்கிறான், கால் வைக்க நிலம் நிச்சயமில்லாத ஒரு சனத்தின் பிள்ளை அவன், முகத்தைக் காட்டாமல் விட்டதனால் வாசிக்கும் எந்தப் பிள்ளையும் அவனாகலாம் என்றெல்லாம். அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதனை நேரில் பார்த்துக் கைகொடுக்க வேண்டும் போல இருந்தது. பிறகு அவன் யார் என்று ஞாபகம் வந்து கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இங்கேதான் எனக்குக் குழப்பம் தொடங்குகிறது. ‘ஆறு படம்தான் வந்தது, இறங்குகிற படம் வரவில்லை, அதனால் இறக்கவில்லை’ என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது, அது உண்மையும்கூட. ஆனால் ஆறாவது படத்துக்குக் கீழே மூன்று வரிக்கு இடமிருந்தது. ‘வரதன் இறங்கி வீட்டுக்குப் போனான்’ என்று எழுத ஒரு வரி போதும். ஏன் எழுதவில்லை? தெருவுக்குத் தெரு சோதனைச்சாவடி நின்ற அந்த யுத்த நாட்களில் நாங்கள் பாண் வாங்கப் போவதென்றாலும் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவோம். அந்தப் பயம் என் கைக்குள் புகுந்து அந்த வரியை எழுதிவிட்டதா, அல்லது எனக்குப் பசித்ததா? சத்தியமாகத் தெரியவில்லை. நினைக்காததை எழுத முடியுமா? எழுதியதை நினைத்ததாகச் சொல்லலாமா? நீ படித்தவள், நீ சொல்லு. என் தலைக்குள் இரண்டு பேர் இருந்து வழக்காடுகிறார்கள்; இரண்டு பேரும் நான் மாதிரியே புழுகுகிறார்கள்.

புத்தகம் அச்சாகி வந்த கிழமை உன் வகுப்புக்கும் கொடுத்தார்கள். அப்போது நாங்கள் பாமன்கடைப் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. நீ சத்தமாய் வாசிக்கும்போது, ‘அதை எழுதிய மகாகவி இதோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்’ என்று எழுந்து நின்று அறிவிக்கலாமென்று வெள்ளிக்கிழமைக்கென்று பொத்தி வைத்திருந்தேன். வியாழக்கிழமை பின்னேரம் நீ நான் குளித்துத் துடைக்கும் துவாயைக் கழுத்தில் கட்டிக்கொண்டு குசினிப் பக்கத்து மதிலில் ஏறி விழுந்தாய். மதில் ஆறடி. ஊருக்குப் பன்னிரண்டு என்று சொன்னேன். வலக்கை மணிக்கட்டுக்கு மேலே முறிந்தது. அதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

உன் முன்னுரையில், ‘ஏழு வயதில் கொமிக்ஸ் வீரனைப் போலப் பறக்க முயன்று கையை முறித்துக்கொண்டேன், அதற்குப் பிறகு அப்பா கொமிக்ஸைத் தடைசெய்தார், தடைசெய்யப்பட்டதால்தான் அவற்றை ஆராய வந்தேன்’ என்று எழுதியிருக்கிறாய். மகளே, பிழை பார்ப்பவன் சொல்கிறேன், அந்த வசனத்தில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அந்தப் பிழையை விட்டவனும் நான்தான்.

பொரளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகும்போது நீ என் மடியில் கிடந்து அழுதுகொண்டே சொன்னது இது: “வரதன் இன்னும் மேலதான் நிக்கிறான் அப்பா. இருட்டப் போகுது. நான் அவனை இறக்கத்தான் ஏறினனான்.” நீ பறக்க முயலவில்லை. கொமிக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் இறக்காமல் விட்டவனை இறக்கப் போனாய். டொக்டர், “எப்படி விழுந்தது?” என்று கேட்டபோது என் வாய் எனக்கு முதலே, “இந்தக் கொமிக்ஸ் பார்த்துத்தான் டொக்டர்” என்றது. அவரும் தலையாட்டினார். எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறாய்? பறக்கும் மாவீரன் என்றால் எந்தக் குற்றமும் அவனுக்குப் பொருந்திவிடுகிறது. பாடப்புத்தகத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. இதை வேண்டுமானால் உன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்.

உனக்கு மா கட்டு போடும்வரை வெளியே வாங்கில் இருந்தேன். பக்கத்தில் ஒரு சிங்களத் தாய், மடியில் ஒரு சின்னவன், அவன் கையில் எங்கள் அச்சகத்துச் சிங்கள வாசிப்பு நூல். திறந்திருந்த பக்கத்தில் எனக்கு வராத முதலாவது படம் இருந்தது. ஆறு இல்லை, ஏழு படம்; முதல் தாள் எங்கள் பக்கம் வரும் வழியில் தவறியிருக்கிறது. அதில் சலூன் கதிரை. கத்தரிக்கோலோடு சிகையலங்காரம் செய்பவர். கதிரையிலிருந்து துள்ளிப் பாயும் பெடியன், கழுத்தில் சலூன் துணியோடு. கை நீட்டிய கிழவர் அவனைப் பிடிக்க ஓடும் பாட்டன். மகளே, என் வரதன் பறக்கவில்லை. அவன் தலைமயிர் வெட்டப் பயந்து ஓடினான். உன் மாவீரன், நிலமற்ற சனத்தின் குறியீடு, கோடரியோடு வந்த அசுரனிடமிருந்து அல்ல, சீப்போடு வந்த மனிதரிடமிருந்து தப்பியோடுகிறான். அந்தத் தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வாழ்நாளில் நான் அளக்காமல் விட்ட ஒரே பெருமை அதுதான்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. உண்மை தெரிந்துகொண்டு, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தவன், நேராக ஒழுங்கை முனையில் கடை வைத்திருந்த நவாஸ் நானாவிடம் போனேன். பழைய கொமிக்ஸ் புத்தகங்களைக் கொடியில் தொங்கவிட்டு, பிள்ளைகளைக் கடைவாசலில் இருந்து சும்மா வாசிக்க விடுவாரே, அவரிடம். “உங்கட குப்பைப் புத்தகத்தால என்ர பிள்ளையின்ர கை போச்சு!” என்று கத்தினேன். சன்னல்கள் திறந்தன. சன்னல் திறந்தால் என் குரல் தானாக உயரும், உனக்குத் தெரியும். பிள்ளை பிடிகாரன் என்றுகூடச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உன்னை அந்தப் பக்கம் போகவிடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொமிக்ஸ் கதையை உன் முன்னாலேயே சொன்னேன். நூறு தரம் சொன்னதில் நீயும் நம்பிவிட்டாய். உன் ஞாபகத்தையே நான் திருத்தி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். நீ அதை இப்போது அடிக்குறிப்போடு வெளியிடப்போகிறாய்.

போன கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள். “இஞ்சாருங்கோ, இவ்வளவு காலமும் இல்லாததையெல்லாம் இருக்கெண்டு சொன்னீங்கள். இருந்த ஒண்டை மட்டும் இல்லையெண்டு சொல்லியிருக்கிறீங்கள்.”

“பிள்ளைக்குச் சொன்னால் அந்த அத்தியாயம் உடைஞ்சுபோகும். இதயம் எண்டு சொல்லுறாள்.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது.”

“அப்ப ஏன் மூண்டு கிழமையாச் சாப்பாட்டில கை அளையிறீங்கள்? முதல் போய் நவாஸ் நானாவைப் பாருங்கோ. பிறகு பிள்ளைக்கு எழுதுங்கோ. இரண்டையும் மாறிச் செய்துபோடாதேங்கோ.”

போனேன். பழைய ஒழுங்கையில் அந்தக் கடை இப்போது ரெலிபோன் காட் விற்கிற கடை. நானாவின் தாடி முழுக்க வெள்ளை. “வாங்க தம்பி, ரீலோட் போடவா?” என்றார், நேற்றுப் பார்த்தவர் போல. போட்டேன். போட்டுவிட்டு நின்றேன். பிறகு, பாடம் முதல் சலூன் கதிரை வரை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை என்பதால் வியர்த்துவிட்டது.

அவர் கேட்டுமுடித்து, கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். “அன்னக்கி நான் ஏன் ஒண்டும் பேசல்ல, தெரியுமா?”

“ஏன் நானா?”

“புள்ளக்கி கை ஒடஞ்சி ஈக்கி. அந்த நேரத்தில வாப்பாமாருக்குப் புத்தி ஈக்காது. ரெண்டு நாள்ல வருவீங்கண்டு நெனச்சேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு நாள் கொஞ்சம் நீண்டு போச்சு.”

“அந்தப் புத்தகமெல்லாம் என்ன செய்தீங்கள்?”

“கடல சுத்தினேன். நீங்க கத்தினதுக்குப் பொறகு ஒழுங்கையில ஒரு தாய்மாரும் புள்ளயள வாசிக்க அனுப்பல்ல. ஒவ்வொரு பக்கமாக் கிழிச்சுக் கடல சுத்திக் குடுத்தேன். புள்ளயள் கடலயத் திண்டுட்டு, தாள வாசிச்சிட்டு, அடுத்த பக்கத்துக்கு மறுவா ஓடி வருவாங்க. யாவாரம் நல்லாத்தான் போச்சு.” நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “ஆனா ஒங்கட மக வரல்ல. அவதான் எனக்குக் கத செல்லுவா. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியா தம்பி. கொடியில தொங்கினதில ஒண்டும் எனக்குத் தெரியா. அவ ஸ்கூல் விட்டு வந்து, பக்கத்தப் பெரட்டிப் பெரட்டிச் செல்லுவா. ஒரு கத பாதியில நிண்டு போச்சு. ஒரு மனிசன் பாலத்தத் தோள்ல தூக்கிட்டு நிக்கிறான். ரயில் வருது. அதோட நிண்டு போச்சு.”

மகளே, ஏழு வயதில் உனக்கு அவ்வளவு ஆங்கிலம் எங்கே தெரியும்? பூனைக்கு ‘கற்’, பாய்க்கு ‘மற்’ என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த காலம். நீயும் படத்தைப் பார்த்துத்தான் அளந்திருக்கிறாய். உன் பேராசிரியர்களுக்கு இதைச் சொல்வாயோ மாட்டாயோ, எனக்கு அந்த ஸ்டூலில் இருந்தபடி பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்து, எதை முதலில் உள்ளே விடுவது என்று தெரியாமல் முழித்தேன். உன் கதையால் ஒரு மனிதருக்கு ஒவ்வொரு பின்னேரமும் நிறைந்தது. என் கதையால் ஒரு கை முறிந்தது. வேலை இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே வந்தது? நீ யாருக்குச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொன்னாயோ? இதுவும் உறுதியில்லை. அறிவுரை மாதிரித் தொடங்கி நடுவில் கைவிடுகிறேன், மன்னித்துக்கொள்.

மன்னிப்புக் கேட்டேன். நானா உடனே தரவில்லை. “மகளுக்குச் செல்லுங்க. முழுசாச் செல்லுங்க. அதுக்குப் பொறகு வந்து கேளுங்க” என்றார். ஆகவே இந்தக் கடிதம் முழுசுதானா என்று பார்க்க, உனக்கு அனுப்பும் முன்னமே அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளை பிடிகாரன் என்று நான் சொன்னதை முதலில் விட்டுவிட்டிருந்தேன். அவர் மறக்கவில்லை, எழுதச் சொன்னார். அவர் அழுதார் என்று நான் போட்டிருந்த வரியை வெட்டச் சொன்னார், அவர் அழவில்லையாம். வெட்டிவிட்டேன்.

இனி உன் பாடு. அத்தியாயத்தைக் கிழித்தாலும் சரி, எழுதியவன் ஒன்றும் அறியாத புழுகன் என்று போட்டாலும் சரி, என் பெயரை முழுதாகப் போடு. முன்னுரையில் அந்த வசனத்தை மட்டும் திருத்து: நீ பறக்க ஏறவில்லை, ஒருவனைக் காப்பாற்ற ஏறினாய். உன் அத்தியாயத்துக்கு அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. உன்னைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விசயம் அது. அதை உன்னிடமிருந்து எடுத்து வைத்திருந்தேன், திருப்பித் தருகிறேன்.

சனிக்கிழமைகளில் நீ கோல் எடுக்கும்போது ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டு ரெலிபோனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். இந்தச் சனிக்கிழமை கொடுக்க மாட்டேன். திட்டுவதென்றால் தமிழில் திட்டு. ஆங்கிலத்தில் திட்டினால் எனக்கு அரைவாசிதான் விளங்கும். முழுவதும் விளங்க வேண்டும்.

உன் அப்பா